சிக் என்னும் ஒரு சொல்

சொல் என்பது பொருளை ஏந்தி வரும் கலம். ஒரே செம்பு காலையில் நீரும், உச்சியில் மோரும், இரவில் பாலும் ஏந்தி வருவதுபோல, ஒரே சொல் இடத்திற்கேற்பப் பல பொருள்களை ஏந்தி வருவதுண்டு. "மா" என்னும் ஓரெழுத்து ஒருமொழியைத் தனியே சொன்னால், அது மரமோ, விலங்கோ, வண்டோ என்று கேட்பவர் மயங்குவர். "மா பூத்தது" என்று வினையோடு சேர்த்துச் சொன்னால் மரம் என்பது விளங்கும். "மாவும் மருதும்" என்று இனத்தோடு அடுக்கிச் சொன்னாலும் அது விளங்கும். போர்க்கோலம் பூண்ட வீரன் ஒருவன் "மா கொண்டு வருக" என்று பணித்தால், அவனைச் சார்ந்த சூழலாலேயே அது குதிரை என்பது புலப்படும். இவ்வாறு வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பலபொருள் ஒருசொல்லின் பொருளைத் தெளிய வேண்டும் என்பது தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் காட்டிய நெறி. அந்நெறி தமிழுக்கென வகுக்கப்பெற்றதாயினும், அதன்கண் உள்ள உண்மை எம்மொழிக்கும் பொதுவாகும்.

ஆங்கிலம் கற்கப் புகும் மாணவர் தொடக்கத்திலேயே அறியும் எளிய சொற்களுள் ஒன்று "சிக்" என்பது. "நோயுற்ற" என்பது அதன் பொருள் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். விடுப்பு வேண்டி எழுதும் கடிதத்தில் அதனை அமைத்து ஆசிரியரிடம் நீட்டுவர். அவ்வளவில் அச்சொல்லை முற்றும் கற்றுவிட்டதாகக் கருதுவர். ஆயின், அது மருத்துவமனையில் ஒரு பொருளும், தொழிற்சாலையில் ஒரு பொருளும், அரசியல் மன்றத்தில் ஒரு பொருளும், இளைஞர் கூடும் ஆடுகளத்தில் முற்றும் மாறான ஒரு பொருளும் தரும். அதனைப் பிறழ உணர்ந்தால் நகைப்பு விளையும் இடமும் உண்டு. ஓர் உயிருக்கு இடையூறு விளையும் இடமும் உண்டு.

பிறப்பும் சுற்றமும்

"சிக்" என்பது ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் அது "சேயோக்" என வழங்கியது. ஆங்கிலத்தோடு ஒருகுடிப் பிறந்த மொழிகளிலும் அதன் உடன்பிறப்புகளைக் காணலாம். டச்சு மொழியினர் இன்றும் நோயுற்றவரைச் "சீக்" என்றே குறிப்பர். ஜெர்மானிய மொழியில் இதன் இனமான "சீக்" என்ற சொல், நெடுநாள் நோயால் மெலிந்து கிடத்தலை மட்டும் குறிக்குமாறு சுருங்கிவிட்டது. அம்மொழியில் இதே குடும்பத்தைச் சேர்ந்த "சுக்ட்" என்ற பெயர்ச்சொல் பண்டு நோய் என்னும் பொதுப்பொருளில் வழங்கியது. மஞ்சட்காமாலைக்கு அம்மொழியினர் இட்ட பெயர் "மஞ்சள் சுக்ட்" என்னும் பொருள்படுவது; அந்நோயைக் கண்ட கண்கள் அங்கும் இங்கும் ஒரே நிறத்தையே கண்டன போலும்! பிற்காலத்தில் அச்சொல் குடி முதலியவற்றுக்கு அடிமையாகி மீளமாட்டாத நிலையைக் குறிக்கலாயிற்று. தேடுதல் என்னும் பொருளுடைய வேறொரு வினையிலிருந்து அது பிறந்தது என்று அந்நாட்டிலேயே பலர் எண்ணுவதுண்டு. ஆயினும் அதன் வேர், தேடுதல் அன்று, நோயே ஆகும்.

"இல்" என்பது ஆங்கிலத்தில் நோயைக் குறிக்கும் மற்றொரு சொல். இது தமிழில் வீட்டையும் இன்மையையும் குறிக்கும் "இல்" அன்று. வடகடல் நாடுகளிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய நார்ஸ் மக்களின் மொழியிலிருந்து வந்தது. "தீய" என்பதே அதன் முதற்பொருள். கி.பி. 1200 அளவில் ஆங்கிலத்தில் புகுந்த அச்சொல், பதினைந்தாம் நூற்றாண்டில் நோயுற்ற நிலையையும் குறிக்கலாயிற்று. அதன் பழம்பொருள் இன்றும் முற்றும் மறையவில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன் அடையாக வரும்போது அது தீயூழ், தீய எண்ணம் போன்றவற்றையே பெரும்பாலும் உணர்த்தும். வந்த சொல் வீட்டினுள் இடம் பிடித்ததும், இருந்த சொல் ஒருபுறம் ஒதுங்கியது. நோயுற்றேன் என்னும் பொருளில் "இல்" என்பதைப் பிரிட்டானியர் மிகுதியாக எடுத்தாள, "சிக்" அங்கே வேறு வேலைகளை ஏற்கலாயிற்று. அவ்வேலைகளுள் ஒன்று பின்னர்க் கூறப்படும்.

ஒலியை மட்டும் கொண்டு உறவு கூறுதல் தவறு என்பதற்கும் இச்சொல்லே சான்றாகும். ஆங்கிலத்தில் அரிவாளைச் "சிக்கிள்" என்பர். 1910-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், ஒரு நோயாளியின் குருதிச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்திருப்பதைக் கண்டு எழுதினார். அந்நோய் அரிவாளின் பெயராலேயே வழங்கலாயிற்று. 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடத்தும் அவ்வணுக்கள் காணப்பட்டன. நோயின் பெயரில் "சிக்" என்னும் ஒலி இருத்தலின், அது நோய் என்னும் சொல்லின் திரிபு என்று கற்பவர் மயங்கக்கூடும். அரிவாளைக் குறிக்கும் சொல் இலத்தீன் வழி வந்தது, இரண்டற்கும் உறவில்லை.

முன்னே நிற்கும் துணைச்சொல்

பண்டை மக்கள் நோயின் காரணத்தை அறிந்திலர். கண்ணுக்குப் புலனான குறியை மட்டும் அறிந்தனர். ஆதலின் அக்குறியையே "சிக்னெஸ்" என்னும் பெயரின் முன்னே நிறுத்தி நோய்க்குப் பெயர் சூட்டினர். 1485 முதல் 1551 வரை இங்கிலாந்தில் பலமுறை பரவி, வந்த ஒரு நாளுக்குள்ளேயே பலரை மாய்த்த கொடிய நோய்க்கு "வியர்வை நோய்" என்று பெயர். ஆப்பிரிக்காவில் செட்சி என்னும் ஈயால் பரவி, மூளையைத் தாக்கி, நோயாளியை ஓயாத உறக்கத்தில் ஆழ்த்துவது "உறக்க நோய்". அமெரிக்காவில் குடியேறியோரிடையே "பால் நோய்" என்று ஒன்று இருந்தது. நச்சுத்தன்மை வாய்ந்த ஒருவகை வெண்பூஞ்செடியை மேய்ந்த பசுவின் பாலைப் பருகினோர் நடுக்கமும் வாந்தியும் கண்டு மடிந்தனர். பின்னாளில் அமெரிக்கக் குடியரசின் தலைவராக உயர்ந்த ஆபிரகாம் லிங்கனின் அன்னை நான்சி, 1818-ஆம் ஆண்டில் அந்நோயால் இறந்தார் என்பர். அப்போது லிங்கனுக்கு வயது ஒன்பது. பால் நோய் என்ற பெயரைச் சூட்டியவர், நஞ்சு இன்னது என அறியாவிடினும், அது வந்த வழியைச் சரியாகவே சுட்டினர்.

காக்கை வலிப்பு எனத் தமிழ்நாட்டார் வழங்கும் நோயைப் பண்டை ஆங்கிலேயர் "வீழ்நோய்" என்று வழங்கினர். 1599-இல் மேடையேறிய "ஜூலியஸ் சீசர்" நாடகத்தில் ஷேக்ஸ்பியர் இப்பெயரை வைத்து ஓர் அரிய இரட்டுறமொழிதல் செய்துள்ளார். மக்கள் கூட்டத்தின் நடுவே சீசர் மயங்கி விழுந்த செய்தி வருகிறது. அவருக்கு வீழ்நோய் உண்டு என்று புரூட்டஸ் இயல்பாகக் கூறுகிறான். அருகிருந்த காசியஸ் உடனே அச்சொல்லைத் திருப்பி, அந்நோய் சீசருக்கு அன்று, அவர் காலடியில் தாழ்ந்து கிடக்கும் தங்களுக்கே உண்டு என்னும் கருத்துப்பட மொழிகிறான். மருத்துவச் சொல்லாக நுழைந்தது, ஒரு நொடியில் அரசியல் சொல்லாக மாறிவிடுகிறது. சொல் மாறவில்லை, சொல்பவனும் அவன் உள்ளக் கருத்துமே மாறின.

சில துணைச்சொற்கள் உடல்நோயை விட்டு உள்ளநோய்க்கு இட்டுச் செல்லும். கடல் என்ற சொல் முன்னே வந்தால், அலையில் ஆடும் கப்பலில் தலை சுழன்று வயிறு புரளும் துன்பத்தை அது குறிக்கும். கடற்போரில் பெரும்புகழ் கொண்ட நெல்சனும் வாழ்நாள் முழுவதும் அத்துன்பத்திற்கு ஆளானவரே. வீடு என்ற சொல் முன்னே வந்தால், ஊரையும் உறவையும் பிரிந்தவர் படும் ஏக்கத்தை அது குறிக்கும். அவ்வேக்கத்தை மருத்துவர் ஒருகாலத்தில் மெய்யான நோயாகவே கருதினர். ஜோஹானஸ் ஹோபர் என்பவர் 1688-இல் பேசல் நகரில் அதனைப் பற்றி ஆய்வுரை எழுதி, வீடு திரும்புதல், வலி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து "நாஸ்டால்ஜியா" என்னும் பெயரைப் படைத்தார். காதல் என்ற சொல் முன்னே வந்தால் என்ன பொருள் என்பதைத் தமிழ் மாணவருக்கு விளக்க வேண்டுவதில்லை. நோய் என்ற சொல்லால் பிரிவுத் துன்பத்தைக் குறித்தல் காமத்துப்பால் பயின்றோர் அறிந்ததேயாம்.

இனி, உடன் அடுக்கி வரும் இனத்தால் பொருள் தெளிவதற்கு ஒரு சான்று காண்க. போர் பற்றிய ஆங்கில ஏடுகளில் "சிக்" என்பதும் காயமுற்றோர் என்பதும் இணைந்து வரும். அங்கே "சிக்" என்பது குண்டடி பட்டோரை விலக்கி, காய்ச்சலும் கழிச்சலும் கண்டோரை மட்டும் குறிக்கும். கிரிமியப் போரின்போது, 1854-ஆம் ஆண்டு நவம்பரில், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார். அப்போரில் பகைவர் ஆயுதத்தால் மாண்ட பிரிட்டானிய வீரரினும் நோயால் மாண்ட வீரரே பலர். அவ்விரு சொற்களையும் பிரித்துக் கணக்கிட்டதனாலேயே அவ்வுண்மை வெளிப்பட்டது. அடுத்தடுத்து நிற்கும் இரு சொற்களின் வேறுபாடு, மருத்துவமனைகளைத் தூய்மை செய்யும் இயக்கத்திற்கே வித்தாயிற்று.

சட்டம் தந்த பொருள்

கூலி கொண்டு வாழ்பவனுக்கு நோய் என்பது உடல் வருத்தம் மட்டும் அன்று. அன்றைய உணவு பற்றிய கவலையும் ஆகும். வேலைக்கு வாராத நாளுக்கு ஊதியம் இல்லை என்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. 1911-ஆம் ஆண்டில் பிரிட்டனில் லாயிட் ஜார்ஜ் முயன்று நிறைவேற்றிய தேசியக் காப்பீட்டுச் சட்டம் அந்நிலையை மாற்றத் தொடங்கியது. தொழிலாளி வாரந்தோறும் 4 பென்சும், முதலாளி 3 பென்சும், அரசு 2 பென்சும் செலுத்த, நோயுற்ற ஆண் தொழிலாளிக்கு வாரம் 10 ஷில்லிங்கும் பெண் தொழிலாளிக்கு 7 ஷில்லிங் 6 பென்சும் கிடைத்தன. 1913 ஜனவரியில் அவ்வுதவி வழங்கப்படலாயிற்று. இந்தியாவில் 1948-இல் இயற்றப்பெற்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் இவ்வகை உதவிக்கு ஆங்கிலத்தில் "சிக்னெஸ்" என்ற சொல்லையே ஆண்டது. 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரிலும் தில்லியிலும் அத்திட்டம் முதன்முதலாகத் தொடங்கப்பெற்றது.

இதனால் அச்சொல்லுக்குப் புதியதொரு பொருள் பிறந்தது. தொழிலாளி தன் உடலில் நோவை உணர்ந்தாலும், மருத்துவர் ஒரு தாளில் கையொப்பம் இட்டாலன்றிச் சட்டத்தின் கண்ணில் அவன் "சிக்" ஆகான். நோய் உடலில் தோன்றுவது. "சிக்" என்னும் நிலையோ பிறர் ஏற்றுக்கொண்டு அளிப்பது. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் டால்கட் பார்சன்ஸ் 1951-இல் வெளியிட்ட நூலில் இந்நிலையை ஆராய்ந்தார். இந்நிலை வாய்த்தவர் தம் அன்றாடக் கடமைகளிலிருந்து விலக்குப் பெறுவர்; நோயுற்றமைக்காகப் பழிக்கப்படார்; அதற்கு ஈடாக, நலம்பெற விரும்புதலும் தக்காரிடம் மருத்துவம் நாடுதலும் அவர் கடமையாகும். இதுவே அவர் ஆய்வின் சாரம்.

அதன்பின் வந்த அறிஞர், ஆங்கிலத்தில் ஒருபொருட் பன்மொழிபோல் தோன்றும் மூன்று சொற்களை வேறு பிரித்துக் காட்டினர். மருத்துவர் கருவி கொண்டு காண்பது "டிசீஸ்". நோயாளி தம்முள் உணர்ந்து வருந்துவது "இல்னெஸ்". சமுதாயம் ஏற்று இடமளிப்பது "சிக்னெஸ்". மூன்றும் என்றும் ஒருங்கே அமைவதில்லை. குருதியில் சர்க்கரை மிகுந்தும் வருத்தம் ஒன்றும் உணராதவர் உளர். அவரிடத்து முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. தாங்கொணாத தலைவலியால் துடித்தும், கருவியில் ஒன்றும் புலப்படாமையின் "நடிக்கிறான்" என்று பழிக்கப்படுபவரும் உளர். அவரிடத்து இரண்டாவது உண்டு, மற்றவை மறுக்கப்படுகின்றன. ஒரு சொல்லை மறுத்தல் ஒரு மனிதரின் துன்பத்தையே மறுத்தல் ஆகிவிடும் என்பதை இதனால் உணரலாம்.

பிரிட்டனில் மருத்துவர் தரும் அச்சான்று நெடுங்காலம் "சிக்" தாள் என்று மக்களால் வழங்கப்பட்டு வந்தது. 2010 ஏப்ரலில் அதன் வடிவம் மாற்றப்பட்டு, "தகுதி" என்னும் பொருளுடைய "பிட்" என்ற சொல்லால் வழங்கலாயிற்று. நோயாளியால் எது இயலாது என்பதோடு, எது இயலும் என்பதையும் எழுதுவதே அம்மாற்றத்தின் நோக்கம். விளக்கை அணை என்னாது குளிரச் செய் என்பதும், செத்தார் என்னாது துஞ்சினார் என்பதும் தமிழில் மங்கல வழக்கு. பிரிட்டானியத் தாளின் புதுப்பெயரும் ஒருவகையில் அம்மரபைச் சார்ந்ததே. ஆயினும் பெயர் மாறியதனால் மட்டும் காய்ச்சல் தணிவதில்லை என்பதையும் மறத்தலாகாது.

நாடும் ஆலையும்

உயிருள்ள உடலுக்கு உரிய இச்சொல் உடலில்லாப் பொருள்களுக்கும் ஏற்றி உரைக்கப்படும். 1853-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ருசியப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ், பிரிட்டானியத் தூதர் ஹாமில்டன் சீமூரிடம் உரையாடுகையில், துருக்கியரின் உதுமானியப் பேரரசை நோயுற்ற மனிதனாக உருவகித்தார். அது "ஐரோப்பாவின் சிக் மனிதன்" என்னும் தொடராக உலகெங்கும் பரவிற்று. இவ்வுருவகம் இரக்கத்தால் பிறந்தது அன்று. நோயாளி இறந்தபின் அவன் உடைமையை யார் யார் எவ்வாறு பங்கிடுவது என்பதே அவ்வுரையாடலின் உட்பொருள். அவ்வாண்டு முடிவதற்குள் ருசியாவும் துருக்கியும் போரில் இறங்கின. அப்போரே மேற்கூறிய கிரிமியப் போராக விரிந்தது.

இந்தியாவின் பொருளியல் ஏடுகளிலும் இவ்வாட்சி வேரூன்றியது. நட்டமடைந்து நிற்கும் நூற்பாலைகளை அரசே ஏற்று நடத்துவதற்காக 1974-இல் இயற்றப்பெற்ற சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே "சிக்" என்ற சொல் இடம்பெற்றது. அச்சட்டத்தால் 103 ஆலைகள் நாட்டுடைமை ஆயின. கோவைப் பகுதியைச் சேர்ந்த ஆலைகளும் அவற்றுள் அடங்கும். 1985-இல் பிற தொழில் நிறுவனங்களுக்கும் அதே சொல்லைத் தாங்கிய மற்றொரு சட்டம் வந்தது. 2016-இல் அது நீக்கப்பட்டது. தமிழில் எழுதியோர் அவ்வாலைகளை "நோயுற்ற ஆலை" என்னாது "நலிந்த ஆலை" என்றனர். இது போற்றத்தக்க மொழிபெயர்ப்பு. பொருளால் மெலிந்ததை நலிந்தது என்றல் தமிழ்மரபுக்கு இயைந்தது. ஆலை நோயுற்றதாகச் சொல்லப்பட்டாலும், சூளை அணைந்த அடுப்புப்போல் பொறிகள் ஓய்ந்து நின்றபோது உண்மையில் வாடியவை தொழிலாளர் குடும்பங்களே.

மேலும், ஆங்கிலத்தில் இச்சொல் ஓர் இடைச்சொல்லோடு கூடினால் சலிப்பையும் வெறுப்பையும் உணர்த்தும். ஒருவர் மழையைப் பற்றி அவ்வாறு கூறினால், மழையால் அவருக்குச் சளி பிடித்தது என்று கொள்ளலாகாது; ஓயாத மழை அவருக்கு அலுத்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

இளைஞரின் குழூஉக்குறி

ஒரு கூட்டத்தார் பிறர் அறியாவண்ணம் தமக்குள் ஒரு பொருளுக்கு வேறு பெயரிட்டு வழங்குவதைக் குழூஉக்குறி என்பர். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது அதற்கு இலக்கண நூலார் காட்டும் சான்று. 1980-களில் அமெரிக்க இளைஞரிடையே "சிக்" என்ற சொல் அவ்வாறே ஒரு குழூஉக்குறி ஆயிற்று. சக்கரப் பலகையில் ஏறி வியத்தகு வித்தை புரிந்தவனை நண்பர்கள் "சிக்" என்று புகழ்ந்தனர். நோயுற்றது என்னும் பொருள் போய், மிக அருமையானது என்னும் பொருள் அதில் ஏறியது. நாளடைவில் அது மற்ற நாட்டு இளைஞரிடத்தும் பரவிற்று.

முதியோர் இதனைக் கேட்டு முகம் சுளிப்பர். எனினும் இம்மாற்றம் மொழியுலகில் புதிதன்று. ஆங்கிலத்தில் அச்சமூட்டுவது என்று பொருள்பட்ட "டெரிபிக்" இன்று பாராட்டுச் சொல். தமிழ்நாட்டிலும் பேச்சு வழக்கில் "பயங்கரமாகப் பாடினார்" என்று இசைவாணரைப் புகழ்வோர் உளர். வியப்பு எல்லை கடக்கும்போது, நல்ல சொற்கள் வலியிழந்து தோன்ற, மக்கள் தீய சொற்களின் வன்மையைக் கடன் வாங்குகின்றனர். குழூஉக்குறி தன் குழுவினுள் வழங்கும் அளவும் குற்றமில்லை. பாட்டனார் தம் பேரனுக்கு அன்போடு அனுப்பிய பரிசுக்கு "சிக்" என்று விடை வந்தால், அம்முதியவர் அதனைப் பழிப்பாகக் கொண்டு வருந்தவும் நேரலாம். அவ்விடத்துப் பேரன் தன் குழுவின் சொல்லை விடுத்து, பொதுச்சொல்லை ஆளுதலே பண்பாகும்.

நோயாளியின் கட்டிலருகே

பிரிட்டனில் "சிக்" ஏற்ற தனிவேலை யாது என்பதை இனிக் காண்போர் அதன் இன்றியமையாமையை உணர்வர். பெயர்ச்சொல்லுக்கு அடையாக வரும்போது, அங்கும் அது நோயுற்ற என்றே பொருள்படும். "சிக் குழந்தை" என்பது நோயுற்ற குழந்தையே. ஆயின், பயனிலையாய் வரும்போது பெரும்பாலும் பொருள் மாறும். பிரிட்டானியர் ஒருவர் "ஐ வாஸ் சிக்" என்றால், வாந்தியெடுத்தேன் என்பதே பெரும்பான்மைக் கருத்து. "ஐ பீல் சிக்" என்றால், குமட்டுகிறது என்பது கருத்து. அவையில் சொல்லக் கூசும் செயலை மறைத்துக் கூறும் இது, தமிழ் இலக்கணத்தார் கூறும் இடக்கரடக்கலை ஒத்தது. அமெரிக்கரோ அதே தொடரால் பொதுவாக உடல்நலம் இன்றி இருந்ததையே குறிப்பர். குமட்டலைச் சொல்ல வேண்டின், வயிற்றின் பெயரையும் உடன் சேர்ப்பர். ஒரே மொழி, ஒரே தொடர். கடலின் இக்கரையில் ஒரு பொருள், அக்கரையில் மற்றொரு பொருள்.

இவ்வேறுபாடு வெறும் இலக்கண விளையாட்டு அன்று. 1948 ஜூலை 5-ஆம் நாள் பிரிட்டனில் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியதுமுதல், இந்தியாவிலும் இலங்கையிலும் மருத்துவம் கற்ற பலர் அங்குச் சென்று தொண்டாற்றி வருகின்றனர். தமிழ் பேசும் மருத்துவரும் செவிலியரும் அவருள் உளர். அவர்கள் பாடநூலில் கற்ற ஆங்கிலம் வேறு. நள்ளிரவில் நோயாளி முனகும் ஆங்கிலம் வேறு.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதிப் பார்க்கலாம். படிக்கட்டில் விழுந்து தலையில் அடிபட்ட சிறுவனைப் பற்றி அவன் தாய் தொலைபேசியில் மருத்துவமனைக்குச் சொல்கிறாள். பிள்ளை மும்முறை "சிக்" ஆனான் என்கிறாள். அவள் கருதியது, மும்முறை வாந்தியெடுத்தான் என்பது. தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தல், மண்டையோட்டினுள் குருதி கசிந்து மூளையை அழுத்துவதற்கு அறிகுறியாகலாம். அதனை மருத்துவர் எச்சரிக்கையாகவே கொள்வர். கேட்பவர் அச்சொல்லை, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் கொண்டு, படுத்து உறங்கச் செய்யுமாறு கூறிவிட்டால் என்னாவது? தாயும் சரியாகவே சொன்னாள். கேட்டவரும் அகராதிப்படி சரியாகவே உணர்ந்தார். இருவருக்கும் இடையே கிடந்த ஒரு சிறு சொல்லின் இடைவெளியில் ஒரு குழந்தையின் உயிர் ஊசலாடும்.

இவ்விடத்துச் செய்யத்தக்கது யாது? "மும்முறை என்றீர்களே, வாந்தியெடுத்தானா?" என்று திருப்பிக் கேட்டலே ஆகும். அவ்வினாவிற்கு ஒரு நொடி போதும். மும்முறை என்னும் எண்ணே அங்குப் பொருளைக் காட்டும் சார்பாய் நிற்பதையும் நோக்குக. உடல்நலமின்மை எண்ணிக் கணக்கிடப்படுவதன்று, வாந்தியோ எண்ணப்படுவது. செவி கூர்ந்து கேட்பவருக்குச் சொல்லின் அருகிலேயே அதன் திறவுகோலும் கிடக்கும்.

கற்பவர் கடன்

ஒரு சிறு சொல்லின் வழியே இத்துணை நாடுகளும் காலங்களும் தொழில்களும் புலப்பட்டன. இதனால் பெறப்படுவது யாதெனின், அகராதி காட்டும் பொருள் தொடக்கமேயன்றி முடிவாகாது என்பதே. சொல்லோடு வரும் வினையையும், அடுத்து நிற்கும் இனத்தையும், சொல்பவரது நாட்டையும் நிலையையும் நோக்கிப் பொருள் கொள்ளுதல் மொழி கற்பவர் கடன். பிற சொற்களில் இது தவறினால் பெரும்பாலும் சிரிப்போடு போய்விடும். நோயைக் குறிக்கும் சொல்லில் அவ்வாறு விட்டுவிடல் இயலாது. ஏனெனில், வேறு சொல் தேட வலிமையில்லாத நேரத்தில்தான் ஒருவர் அச்சொல்லைச் சொல்கிறார்.

துன்புறுவோர் சொல்லும் சொல்லில் கேட்பவர் தமக்குத் தெரிந்த பொருளை ஏற்றி அமைதியுறலாகாது. அவர் கருதிய பொருள் யாது என்று பொறுமையோடு வினவி அறிதல் வேண்டும். "என்ன செய்கிறது?" என்று தமிழ்நாட்டு வீடுகளில் பெரியோர் நோயாளியின் நெற்றியில் கைவைத்துக் கேட்பர். நோயின் பெயரை வேண்டாது, நோயாளி உணர்வதை அவர் வாயாலேயே கேட்கும் நல்ல வினா அது. எம்மொழி பேசும் நோயாளியிடத்தும் முதற்கண் கேட்கத் தக்கதும் அதுவே.